வதந்தியை நிறுத்த இணையத்தையே நிறுத்தலாமா?

மின்மினி:
கலவரம் வரும்போல இருந்தால் அரசு இணையத்தை முடக்குவதில் என்ன தப்பு என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது? என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், "நாலு நாள் வாட்ஸப் இல்லாவிட்டால் யாரும் சாக மாட்டார்கள், ஒரு பொய்ச் செய்தியால் சாவார்கள்" என்கிறார். அதை லேசில் தள்ளிவிட முடியவில்லை. வதந்தியை நம்பி அப்பாவிகளை அடித்துக் கொன்றது நடந்திருக்கிறதே. ஆனால் இந்த அதிகாரத்தைக் கொடுத்தால் அது வதந்தியோடு நிற்குமா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

ஆலமரம்:
நிற்காது. எகிப்தைப் பாருங்கள். 2011 ஜனவரி 28 வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து பெரிய பேரணி என்று அறிவித்திருந்தார்கள். முந்தின நாள் இரவோடு இரவாக அந்த நாட்டு இணைய நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வலையிலிருந்து மறைந்தன. கம்பி எதையும் வெட்டவில்லை. "எங்கள் முகவரிகளுக்கு இந்த வழியாக வரலாம்" என்று உலகத்தின் மற்ற ரூட்டர்களுக்கு (இணையத்தில் தகவலுக்கு வழி காட்டும் கருவிகள்) சொல்லிக்கொண்டிருந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள், அவ்வளவுதான். வழி தெரியாமல் போனதும் ஒரு நாடே காணாமல் போன மாதிரி ஆகிவிட்டது. பிப்ரவரி 2ஆம் தேதிதான் திரும்பி வந்தது. அங்கே பயம் வதந்தியைப் பார்த்தா, கூட்டத்தைப் பார்த்தா?

"யாரும் சாக மாட்டார்கள்" என்பதற்கு ஈரான்தான் பதில். 2019 நவம்பரில் பெட்ரோல் விலை உயர்வை எதிர்த்து மக்கள் தெருவுக்கு வந்தபோது, வெளி உலகத் தொடர்பை ஒரு வாரம் போலத் துண்டித்தார்கள். உள்நாட்டு வலையமைப்பு தனியாக இருந்ததால் அரசுக்கு வேண்டிய சேவைகள் பாட்டுக்கு ஓடின. அந்தப் போராட்டத்தில் 300க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டதாக மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டி பதிவு செய்திருக்கிறது. சுடுவதைப் படம் பிடித்தவர்களால் அதை உடனே வெளியே அனுப்ப முடியவில்லை. இருட்டில் என்ன நடந்தது என்று உலகம் பிறகுதான் தெரிந்துகொண்டது.

அப்புறம், ஒருமுறை பழகிவிட்டால் காரணம் எவ்வளவு சின்னதாகவும் ஆகிவிடும். ஈராக், சிரியா, அல்ஜீரியா எல்லாம் பரீட்சையில் காப்பி அடிப்பதைத் தடுக்க நாட்டின் இணையத்தையே நிறுத்தியிருக்கின்றன.

கல்வெட்டு:
முழு முடக்கம் தப்பு, சரி. ஆனால் குழந்தைகளைச் சீரழிக்கும் படங்கள், கொலைக்குத் தூண்டும் பதிவுகள் இவற்றை அரசு நீக்கச் சொல்லவே கூடாதா? எல்லாக் கட்டுப்பாட்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

தும்பி:
கல்வெட்டு சொல்வது நியாயம், அதை யாரும் மறுக்கவில்லை. சிக்கல் எங்கே என்றால், ஒன்றைத் தடுக்கக் கிளம்பினால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து போகிறது. இப்போது பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ்ஸில், அதாவது போகிற வருகிற தகவலைப் பூட்டி அனுப்பும் முறையில், இருக்கின்றன. நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது நடுவில் இருப்பவருக்குத் தெரியும், எந்தப் பக்கம் என்பது தெரியாது. ஆகவே தளமே ஒத்துக்கொண்டு நீக்காவிட்டால் மொத்தத்தையும் மூட வேண்டியதுதான். துருக்கியில் 2017 ஏப்ரலில் சில கட்டுரைகளுக்காக விக்கிப்பீடியா முழுவதையும், எல்லா மொழிகளிலும், தடுத்தார்கள். அது உரிமை மீறல் என்று அந்த நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் சொல்லி, 2020 ஜனவரியில் திறக்கும்போது கிட்டத்தட்ட மூன்று வருடம் போய்விட்டது. அதற்கு முன்பே அங்கே இன்னொன்று நடந்தது. யாரோ நடத்திய ஒரு தளத்தின் மீது வந்த வழக்குக்காக, யார் வேண்டுமானாலும் தளம் அமைக்க கூகுள் தரும் கூகுள் சைட்ஸ் மொத்தத்தையும் மூடினார்கள். அதில் தன் ஆய்வுக் கட்டுரைகளைப் போட்டு வைத்திருந்த ஒரு மாணவருக்குத் தன் பக்கமே திறக்கவில்லை, அந்த வழக்குக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2012இல் ஜெயித்தார். அவ்வளவு தூரம் எத்தனை பேரால் போக முடியும்?

மின்மினி:
நன்றி. அப்படியானால் சட்டம் என்ன சொல்கிறது? நீதிமன்றங்கள் முடக்கத்தை முழுக்கத் தடுத்துவிட்டனவா?

ஓடக்காரன்:
முழுக்கத் தடுக்கவில்லை. டோகோ அரசு 2017இல் போராட்ட நேரத்தில் இணையத்தை நிறுத்தியது சட்டவிரோதம் என்று மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு நீதிமன்றம் 2020இல் தெளிவாகவே சொன்னது. இந்திய உச்ச நீதிமன்றம் அதே வருடம் ஜனவரி 10ஆம் தேதி காஷ்மீர் வழக்கில் இவ்வளவு தூரம் போகவில்லை. இணையம் வழியாகப் பேசுவதற்கும் தொழில் செய்வதற்கும் அரசியல் சாசனப் பாதுகாப்பு உண்டு, கால வரையறை இல்லாமல் நிறுத்தக் கூடாது, உத்தரவை வெளியிட வேண்டும் என்றது. வெளியிடுவது என்பதை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். யார், எந்தக் காரணத்துக்காக, எத்தனை நாளைக்கு நிறுத்தினார் என்ற காகிதம் கையில் இல்லாமல் எதை எதிர்த்து வழக்குப் போடுவது? தீர்ப்பு வந்த பிறகும் காஷ்மீரில் 4ஜி முழுமையாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில்தான், அதாவது முடக்கம் தொடங்கி ஒன்றரை வருடம் கழித்து. அது வரை பள்ளிப் பிள்ளைகள் கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்பை 2ஜியில் கேட்க வேண்டியிருந்தது.

உங்கள் நண்பருக்கு வதந்திதான் கவலை என்றால் அதற்குக் குறுகலான வழிகள் உண்டு. 2018இல் அந்தக் கொலைகளுக்குப் பிறகு வாட்ஸப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாமல் ஆக்கியது. இணையம் இருந்தால் காவல் துறையே "இது பொய்" என்று உடனே மறுப்புப் போடலாம். அதையும் சேர்த்து நிறுத்திவிட்டால் வாய்வழி வதந்திக்கு மறுப்பு எப்படிப் போய்ச் சேரும்?

முடக்கம் கலவரத்தைக் குறைக்கிறது என்று அவர் சொன்னால் ஆதாரம் கேளுங்கள். தகவல் தொழில்நுட்பத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2021 டிசம்பரில் இதைத்தான் அரசிடம் கேட்டது. பலன் இருக்கிறதா என்று எந்த ஆய்வும் செய்யவில்லை, எங்கே எத்தனை முறை நிறுத்தினோம் என்ற கணக்கே உள்துறையிடமோ தொலைத்தொடர்புத் துறையிடமோ இல்லை என்பதுதான் அந்தக் குழு கண்டது.