சேவல் ஆளைத் துரத்துகிறது, அவசரம்

காரிமங்கலம்தோட்டம்:
எங்கள் சேவல் ஒரு வாரமாக ஆளைக் கண்டாலே பாய்கிறது. இன்று காலை மகளின் கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. என்ன செய்வது?

பாலக்கோடுபண்ணை:
வயது என்ன? எந்த இனம்? பெட்டைகள் எத்தனை? எல்லோரிடமும் பாய்கிறதா, பிள்ளையிடம் மட்டுமா?

ஊத்தங்கரைஅக்கா:
முதலில் பிள்ளையைப் பாருங்கள். காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்றே கேளுங்கள். குட்டையான பிள்ளை என்றால் கண்ணுக்கே ஆபத்து.

பென்னாகரம்மாமா:
தீனிக்குக் கம்பு போடுகிறீர்களா? உடம்புச் சூடுதான் காரணம். ஒரு வாரம் நிறுத்துங்கள்.

மூத்தவளர்ப்பாளர்:
சூடாவது ஒன்றாவது! இதே கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதுவது? சேவல் சொல்லாமல் பாயாது. உங்களுக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை. தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் முறைக்கும். ஒரு சிறகைத் தரையில் உரசிக்கொண்டு பக்கவாட்டில் நடக்கும். பெட்டையிடம் செய்தால் அது கொஞ்சல், ஆளிடம் செய்தால் மிரட்டல். இரையே இல்லாத மண்ணைக் கொத்தியபடி நெருங்கும். பிடரி இறகு விரிந்துவிட்டால் அடுத்தது பாய்ச்சல்தான்.

காரிமங்கலம்தோட்டம்:
8 மாதச் சேவல். பெட்டை 3. குஞ்சிலிருந்து மகள்தான் மடியில் வைத்து வளர்த்தாள். துடைப்பத்தால் அடித்தும் அடங்கவில்லை.

பாலக்கோடுபண்ணை:
கையில் வளர்ந்த சேவலுக்கு மனிதரிடம் பயம் இருக்காது. பருவம் வந்ததும் நம்மையும் போட்டிச் சேவலாகவே நினைக்கும். அடித்தால் சண்டைக்கு அழைத்ததாகிவிடும். ஓடவும் கூடாது. முழுக்கால் சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டு, பெரியவர் ஒருவர் பிடித்து அக்குளில் இடுக்கி, அது அடங்கும்வரை வைத்திருங்கள். தினமும் செய்யுங்கள். கால் முள்ளின் நுனியை மட்டும் அரத்தால் மழுக்கலாம். உள்ளே ரத்த ஓட்டம் உண்டு. ஒரு சேவலுக்கு 8 முதல் 10 பெட்டை இருப்பது நல்லது.

பென்னாகரம்மாமா:
கட்டுச்சேவல் (சண்டைச் சேவல்) கலப்பாக இருக்கும். அந்த ரத்தமே அப்படி.

மூத்தவளர்ப்பாளர்:
தவறு. கட்டுச்சேவல் இனமான அசில் மற்ற சேவல்களோடுதான் மோதும். ஆளிடம் பெரும்பாலும் சாதுவாகவே இருக்கும். நான் வளர்த்தவன்.

பென்னாகரம்மாமா:
என் தாத்தாவும் வளர்த்தவர்தான். அவர் புருவத்தில் இருந்த தழும்பு அசில் போட்டது.

ஊத்தங்கரைஅக்கா:
இனச் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைக்கு ஊசி போட்டார்களா?

காரிமங்கலம்தோட்டம்:
போட்டாயிற்று அக்கா. சேவல் பஞ்சாரத்துக்குள் இருக்கிறது. அதற்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று மகள் அழுகிறாள்.