1993 ஓகஸ்ட் முகாமில் எங்களைப் பார்த்துக்கொண்ட அக்காவைத் தேடுகிறேன்

வணக்கம். 90களில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் படித்தவர்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கோ. 1993 ஓகஸ்ட் விடுமுறையில் கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு ஒரு சாரணியர் முகாம் போனோம். கோட்டையிலிருந்து பொடி மெனிக்கே ரயிலில் நானுஓயா வரை பயணம். எங்கள் கூடாரத்துக்குப் பொறுப்பாக இருந்த அக்காவைத்தான் தேடுகிறேன். முழுப்பெயர் தெரியாது, எல்லாரும் அக்கா என்றே கூப்பிட்டோம்.

கிளாலிக் கடலேரியை இரவில் படகில் தாண்டி, யாழ்ப்பாணத்திலிருந்து அப்போதுதான் வந்த பிள்ளை நான். சிங்களம் தெரியாது, சின்னச் சத்தத்துக்கும் நடுங்குவேன், ஒருவரோடும் கதைக்கமாட்டேன். முதல் இரவு மழையும் குளிரும். அக்கா தன்னுடைய ஸ்வெட்டரைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு, விடியும்வரை பக்கத்திலேயே இருந்தா. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுத்த நாள் எனக்கு ரீஃப் முடிச்சுப் போடப் பழக்கி, மற்றப் பிள்ளைகளுக்கு என்னையே சொல்லிக்கொடுக்க வைத்தா. திரும்பி வந்து நான் கதைத்த கதையைக் கேட்டு அம்மா அழுதுவிட்டா. அம்மாவுக்கும் அவவை ஒருதரம் பார்க்க வேணும்.

அக்கா அப்போது ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்திருந்தா. இடதுகைப் பழக்கம். சொந்த ஊர் மட்டக்களப்பு என்று ஞாபகம்.

அந்த முகாமின் குழுப்படம் யாரிடமாவது இருக்கிறதா? சாரணியர் சங்கத்தின் பழைய பதிவேடுகளைப் பார்க்க வழி தெரிந்தவர்களும் சொல்லுங்கோ. அவவைத் தெரிந்தால் பெயரையோ நம்பரையோ இங்கே போடவேண்டாம். முதலில் அவவிடம் கேட்டு, விருப்பமென்றால் எனக்கு இன்பொக்ஸில் எழுதுங்கோ.