அண்டா மூடி எங்கே?

எங்கள் ஊர் சாத்தான்குளத்துக்கும் உடன்குடிக்கும் நடுவே, தேரிச் செம்மண்ணின் ஓரத்தில் இருக்கிறது. ஞாயிறு காலை கோவிலில் உட்காருகிறவர்களைவிடச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் அதிகம்; பாதிப்பேர் சென்னை, மும்பை, துபாய். சனிக்கிழமை ஓடிய உரையாடலை இங்கே தருகிறேன். பெயர்கள் என் போனில் பதிந்திருக்கிறபடி. நாற்பதுக்கு மேற்பட்ட ஆமென்களையும் கைகூப்பும் படங்களையும் ரோஜாப்பூவையும் நீக்கிவிட்டேன். ஒலிச்செய்திகளை எழுத்தில் கொண்டுவந்தது நான்.

சபை ஊழியர் ஐயா (மாலை 4.05): அனைவருக்கும் ஸ்தோத்திரம். இந்த வார அறிவிப்புகள். இன்று மாலை 6.30க்கு ஆயத்த ஆராதனை. நாளை 16ஆம் தேதி காலை 8.30க்குத் திருவிருந்து ஆராதனை; முதல் மணி 8க்கு அடிக்கப்படும். பிற்பகல் 3 மணிக்கு ஓய்வுநாள் பள்ளி. செவ்வாய் இரவு மேலத்தெருவில் வீட்டுக் கூட்டம். வெள்ளி காலை பெண்கள் ஐக்கிய சங்கத்தின் உபவாச ஜெபம். பிடியரிசியை அன்றே ஒப்படைத்துவிடவும். 23 ஞாயிறு அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருட்களின் ஏலம், அதன்பின் அசனம் (சபையாரின் பொதுச் சாப்பாடு). 30ஆம் தேதி அட்வெந்து முதல் ஞாயிறு. கீழத்தெரு டெய்லர் வீட்டுப் பெண்ணுக்கு நாளை இரண்டாம் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கப்படும்.

செயலர் அண்ணாச்சி (4.11): கூடவே ஒன்று. அசனப் பெரிய அண்டாவின் மூடியைக் காணவில்லை. எடுத்துச் சென்றவர் யாராக இருந்தாலும் மூன்று நாளைக்குள் பாத்திர அறையில் வைத்துவிடவும். அது பொதுச் சொத்து. கர்த்தருடைய சொத்து.

மும்பை சித்தப்பா: மாப்பிள்ளை எந்த ஊர்?

செயலர் அண்ணாச்சி: அண்டா மூடிக்கு மாப்பிள்ளை எதற்கு?

மும்பை சித்தப்பா: டெய்லர் வீட்டுப் பெண்ணுக்குக் கேட்டேன்.

டீச்சரக்கா: நாசரேத். பையன் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்க்கிறான். முதல் ஓலை வாசித்த அன்றே நான் விசாரித்துவிட்டேன்.

சபை ஊழியர் ஐயா: வடக்குத்தெரு ஆச்சிக்கு இடுப்பு எலும்பு அறுவை முடிந்துவிட்டது. பாளையங்கோட்டையில் இருக்கிறார்கள். வியாழன் வீடு திரும்புகிறார்கள். ஜெபத்தில் நினைத்துக்கொள்ளவும்.

வடக்குத்தெரு ஆச்சி மகள்: எல்லாருக்கும் நன்றி. பார்க்க வருகிறவர்கள் தயவுசெய்து ஹார்லிக்ஸ் வாங்க வேண்டாம். பதினான்கு பாட்டில் ஆகிவிட்டது. அம்மாவுக்குச் சர்க்கரை வேறு.

டீச்சரக்கா: ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த வாரக் கேள்வி. ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் யார்? எந்த ஆண்டு? அவர் பிறந்த ஊருக்கு நம் ஊரிலிருந்து எந்த பஸ்ஸில் போகவேண்டும்? பெற்றோர் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

துபாய் தம்பி: வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1912. வெள்ளாளன்விளை.

டீச்சரக்கா: உனக்கு வயது முப்பத்தாறு. நீ ஓய்வுநாள் பள்ளியில் படிக்கும்போது ஒரு கேள்விக்கும் வாய் திறந்தது கிடையாது.

துபாய் தம்பி: பஸ் மட்டும் தெரியவில்லை டீச்சர்.

இளைஞர் சங்கச் செயலர்: அதையொட்டியே ஓர் அறிவிப்பு. டிசம்பர் 6 சனிக்கிழமை இளைஞர் சங்கத்தின் ஒருநாள் பயணம்: மெஞ்ஞானபுரம், வெள்ளாளன்விளை, இடையன்குடி. வேன் கட்டணம் ஒருவருக்கு 200 ரூபாய், மதியச் சாப்பாடு சேர்த்து.

கோவில்பிள்ளை தாத்தா (ஒலிச்செய்தி): மெஞ்ஞானபுரத்துக்கு வேனா? 192 அடிக் கோபுரம். நம் கோவில் மணிமேடையில் ஏறி நின்றால் தெரிகிறது. நான் சின்னப் பையனாக இருக்கும்போது அங்கே கன்வென்ஷனுக்கு நடந்தே போய் நடந்தே வருவோம். இருநூறு ரூபாயா?

இளைஞர் சங்கச் செயலர்: இடையன்குடியும் இருக்கிறதே தாத்தா. கால்டுவெல் ஐயர் வாழ்ந்த வீடு, அவர் கட்டிய கோவில், உள்ளே அவருடைய கல்லறை எல்லாம் பார்க்கலாம்.

கோவில்பிள்ளை தாத்தா: அவர் சென்னையிலிருந்து நடந்தே வந்தவர்.

(அதற்கு யாரிடமும் பதில் இல்லை. தாத்தா சொன்னது உண்மை. கால்டுவெல் இடையன்குடிக்கு வந்து சேர்ந்தது 1841இல். கோவிலைக் கட்டி முடித்துப் பிரதிஷ்டை செய்தது 1880இல். அவ்வளவு பொறுமை எங்கள் சபைக் கமிட்டிக்குக் கிடையாது.)

செயலர் அண்ணாச்சி (5.02): ஏலம் பற்றி ஒரு யோசனை. சென்ற ஆண்டு ஏலம் முடியும்போது மணி மூன்று. சோறு ஆறிவிட்டது, குழந்தைகள் அழுதுவிட்டன. இந்த ஆண்டு கீரை, காய், முட்டை போன்ற சில்லறைப் பொருட்களை ஒரே கூடையாக வைத்து ஒரே ஏலமாக விட்டுவிடலாம். விளைபொருள் கொண்டுவர இயலாதவர்கள் அதற்குரிய தொகையை கூகுள் பே மூலம் அனுப்பலாம். வெளியூரில் இருப்பவர்கள் குழுவிலேயே ஏலம் கேட்கலாம்.

துபாய் தம்பி: அண்ணாச்சி, குழுவில் ஏலம் என்ற பேச்சே வேண்டாம். பூசணிக்காய்.

(விவரம் தெரியாதவர்களுக்காக: போன ஆண்டு தம்பி ஆட்டுக்கிடாய்க்கு 4,000 என்று துபாயிலிருந்து அனுப்பினான். கோவிலுக்குள் சிக்னல் அரைகுறை. கிடாய் வேறொருவருக்குப் போய், அடுத்ததாகப் பூசணிக்காயைத் தூக்கிப் பிடித்த நேரத்தில் அவன் செய்தி வந்து விழுந்தது. 80 ரூபாயில் நின்ற காய் 4,000க்குப் போனது. சபையார் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவன் அம்மா கண் கலங்கிவிட்டார்கள். அதன்பிறகு மறுக்க முடியுமா?)

துபாய் தம்பி: அந்தப் பூசணிக்காயை யார் சாப்பிட்டீர்கள் என்றாவது சொல்லுங்கள்.

டீச்சரக்கா: எல்லாரும்தான். சாம்பாரில் போட்டோம். நன்றாக இருந்தது.

மேலத்தெரு பெரியம்மா (ஒலிச்செய்தி): ஏன் தம்பி, சில்லறைப் பொருள் என்று எதைச் சொல்கிறாய்? நான் பண்டிகைக்கென்று ஆடி மாதமே ஒரு கருங்கோழியை நேர்ந்து, காலில் சிவப்புத் துணி கட்டி விட்டிருந்தேன். போன திங்கட்கிழமை கீரி கொண்டுபோய்விட்டது. வேலி ஓரத்தில் துணிமட்டும் கிடந்தது. கூடைக்கடியில் அது இட்ட முட்டை ஆறு இருக்கிறது. கோழி கர்த்தருக்கு என்று சொல்லியாயிற்று; அப்படியானால் முட்டையும் அவருக்குத்தானே? அந்த ஆறையும்தான் கொண்டுவர இருக்கிறேன். அதைத் தூக்கி எவர் வீட்டுக் கத்தரிக்காயோடு போடப் போகிறாய்?

செயலர் அண்ணாச்சி: பெரியம்மா, நான் யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. நேரம் கருதித்தான் சொன்னேன்.

நான்: அண்ணாச்சி, போன ஆண்டு ஒற்றை முட்டை என்ன தொகைக்குப் போனது என்று கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள்.

பொருளாளர் மாமா: 3,150. பத்து ரூபாயில் தொடங்கியது. எடுத்தவர்கள் எடுத்தவர்கள் மறுபடியும் காணிக்கையாகக் கொடுத்துவிட்டார்கள். பதினொரு முறை ஏலம் போனது. நான்தான் எழுதினேன்.

டீச்சரக்கா: பன்னிரண்டாம் முறை போயிருக்கும். என் மகன் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முழங்காலில் நின்றான். அதோடு தீர்ந்தது.

பொருளாளர் மாமா: அந்தக் கிடாய் 9,000. கொடுத்தவரும் பணக்காரர், எடுத்தவரும் பணக்காரர். ஒரே அடியில் முடிந்துவிட்டது. முட்டைக்குத்தான் சபை முழுக்கச் சிரித்தது. கூடையாகக் கட்டினால் அது கூடை. அவ்வளவுதான். முன்னூறு ரூபாய்க்கு ஒருவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

மும்பை சித்தப்பா: பணமாக அனுப்பலாம் என்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. மாதம்தோறும் சங்கக் காணிக்கை பணமாகத்தானே அனுப்புகிறோம்? இது முதற்பலன். இங்கே பால்கனித் தொட்டியில் பச்சைமிளகாய் காய்க்கிறது. ரயிலில் வருகிற ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன். ஒரு கைப்பிடி இருக்கும்.

பாடகர் குழு அண்ணன்: மும்பை மிளகாய்க்கு நான் இப்போதே 100.

செயலர் அண்ணாச்சி: ஏலம் 23ஆம் தேதிதான். குழுவில் கேட்க வேண்டாம்.

குருவானவர் ஐயா (5.48): அனைவருக்கும் ஸ்தோத்திரம். கூடை வேண்டாம். பனங்கிழங்கு ஒரு கட்டு வந்தாலும் முருங்கைக்கீரை ஒரு பிடி வந்தாலும் ஒவ்வொன்றாகவே ஏலம் விடுவோம். வெளியூரில் இருப்பவர்கள் தங்களுக்காகக் கேட்க உள்ளூரில் ஓர் ஆளை வைத்துக்கொள்ளட்டும். செயலர் சொல்வதுபோல நேரம் ஒரு பிரச்சினைதான். அதற்காக அன்றைய பிரசங்கத்தை நான் 12 நிமிடத்தில் முடித்துக்கொள்கிறேன்.

(குழு தொடங்கிய நாளிலிருந்து எந்தச் செய்திக்கும் இத்தனை கைதட்டல் விழுந்தது கிடையாது. ஐயா அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை.)

கோவில்பிள்ளை தாத்தா: ஐயா, பன்னிரண்டாவது நிமிடம் நான் மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கலாமா?

குருவானவர் ஐயா: நிற்கலாம். அடிக்க வேண்டாம்.

துபாய் தம்பி: எனக்காக அம்மா கேட்பார்கள். கிடாய் மட்டும், 5,000 வரை. அம்மா, பூசணிக்காய் வந்தால் கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அசன மேற்பார்வை பெரியப்பா (6.05): ஆயத்த ஆராதனைக்கு மணி அடிக்கும் முன் சொல்லிவிடுகிறேன். வெள்ளி மாலை உள்ளி உரிக்கப் பெண்கள் வரவேண்டும், சின்ன உள்ளி முப்பது கிலோ. சனி இரவு 11க்கு அடுப்பு மூட்டுவோம், அதற்கு ஆண்கள். போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள் வரவேண்டாம், போன தடவை ஒருவன் அடிப்பிடிக்க விட்டுவிட்டான். விறகை இப்போதே பள்ளிக்கூட வராந்தாவில் அடுக்குங்கள். மழை எந்த நேரமும் வரலாம். வீட்டுக்குக் குழம்பு கொண்டுபோகத் தூக்குவாளி கொண்டுவரலாம், குடம் கொண்டுவரக்கூடாது. மூடி கிடைத்ததா? மூடி இல்லாமல் சோறு தம்மில் நிற்காது.

செயலர் அண்ணாச்சி: இன்னும் இல்லை. நான் வீடுவீடாக விசாரிக்கப் போகிறேன்.

டீச்சரக்கா: மழை என்றதும் நினைவு வருகிறது. 2023 டிசம்பரில் நம் கீதபவனி (வீடுவீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுவது) நின்றுபோனதே.

பாடகர் குழு அண்ணன்: 17ஆம் தேதி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஆர்மோனியத்துக்குள் தண்ணீர் புகுந்து, இன்றைக்கும் இரண்டு கட்டைகள் அழுத்தினால் அழுத்தினபடியே இருக்கின்றன.

அசன மேற்பார்வை பெரியப்பா (ஒலிச்செய்தி): அந்த மூடியை நான் ஏன் தேடுகிறேன் என்று சின்னப்பிள்ளைகளுக்குத் தெரியாது. அப்போது இதே அண்டாவில்தான் மூன்று நாள் கஞ்சியும் எலுமிச்சைச் சோறும் பொங்கினோம். தாழ்வான தெருக்களுக்கு எப்படிக் கொண்டுபோவது? மூடியை மல்லாக்கப் போட்டு, சோற்றுப் பொட்டலங்களை அடுக்கி, இடுப்பளவுத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு போனோம். தட்டாமல் ஓடம்போல மிதந்தது. ஒரு தடவை பொட்டலத்தோடு ஒரு பூனையும் ஏறிக்கொண்டது. அதையும் சேர்த்துத் தள்ளினோம். ஓரத்தில் நெளிந்திருக்கும், வேலிக்கல்லில் மோதிய இடம். அடையாளம் அதுதான்.

(ஆறரை மணியிலிருந்து எட்டுவரை குழுவில் சத்தம் இல்லை, ஊர்க்காரர்கள் கோவிலில். அந்த இடைவெளியில் மும்பைச் சித்தப்பா தன் மிளகாய்ச்செடியை நான்கு கோணங்களில் படம்பிடித்துப் போட்டிருந்தார்.)

பாடகர் குழு அண்ணன் (8.15): கீதபவனிப் பயிற்சி திங்கள் முதல் இரவு 8க்கு. இந்த ஆண்டும் பாதி பாமாலை (மேல்நாட்டு மெட்டு), பாதி கீர்த்தனை (நம் ஊர் ராகம்). போன ஆண்டுச் சண்டையை இந்த ஆண்டு தொடர வேண்டாம்.

டீச்சரக்கா: தொடங்கியது யார்?

பாடகர் குழு அண்ணன்: பயிற்சி 8க்கு.

மேலத்தெரு பெரியம்மா (8.40): முட்டை இப்போது ஏழு. கோழி திரும்பி வந்துவிட்டது. வாலில் பாதி இல்லை. மாட்டுத்தொழுவத்து வைக்கோலுக்குள் இத்தனை நாள் பதுங்கியிருக்கிறது. ஸ்தோத்திரம்.

துபாய் தம்பி: பெரியம்மா, கோழி, முட்டை இரண்டுமா?

மேலத்தெரு பெரியம்மா: கோழி நேர்ந்தது, அது வரும். முட்டையை யோசிக்கிறேன்.

செயலர் வீட்டு மதினி (9.36): குழுவை இப்போதுதான் பார்க்கிறேன். படம் ஒன்று போடுகிறேன், பாருங்கள். எங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டிமேல் இருக்கிறது. ஓரத்தில் நெளிந்திருக்கிறது. தொட்டி மூடி காற்றில் போய்விட்டது என்று புரட்டாசியில் இவர்கள்தான் எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்தார்கள்.

அசன மேற்பார்வை பெரியப்பா: அதுதான். அதேதான்.

(4.11க்கு வந்த செயலர் அண்ணாச்சியின் செய்தி இருந்த இடத்தில், இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்று வந்தது.)

டீச்சரக்கா: பரவாயில்லை அண்ணாச்சி, நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன். கர்த்தருடைய சொத்து என்ற வரிவரை தெளிவாக விழுந்திருக்கிறது.

கோவில்பிள்ளை தாத்தா: நாளைக் காலை முதல் மணி அடித்துவிட்டுச் சைக்கிளில் வந்து எடுத்துக்கொள்கிறேன். மாடிக்கு ஏற ஏணி வேண்டும். கோவில் ஏணியையும் பத்து நாளாகக் காணவில்லை.

செயலர் வீட்டு மதினி: ஏணி இங்கேதான் இருக்கிறது தாத்தா. வெறுங்கையோடு வாருங்கள்.