வினிகர் வாளிக்குள் வெப்ப உணரியை எப்படிப் பொருத்துவது?

கேள்வி (பாகான் டத்தோ)

வணக்கம். தென்னையும் செம்பனையும் சூழ்ந்த தோட்டப்புறத்தில் வசிக்கிறேன். கடைத்தெருவில் தேங்காய்ப்பால் பிழியும் இடத்தில் முற்றிய தேங்காயின் தண்ணீர் நாள்தோறும் சாக்கடைக்குப் போவதைப் பார்க்க மனம் பொறுக்காமல், அதை வாங்கி வந்து சர்க்கரை சேர்த்துக் காய்ச்சி, ஆறிய பின் ஈஸ்ட் இட்டு, 25 லிட்டர் பிளாஸ்டிக் வாளியில் 20 லிட்டர் அளவுக்கு நொதிக்க வைத்து வினிகர் தயாரித்து வருகிறேன். முதல் இரண்டு வாளிகள் நன்றாக வந்தன. மூன்றாவதில் நகப்பூச்சு போன்ற நெடி அடித்தது. வெப்பம் மிகுந்திருக்குமோ என்ற ஐயத்தில், இந்த முறை மூடியில் துளையிட்டு டிஎஸ்18பி20 என்னும் மின்னணு வெப்ப உணரியை அதன் கம்பியோடு திரவத்துக்குள் இறக்கி, துளையைச் சிலிக்கோன் பசையால் அடைத்தேன்.

மூன்று நாள் 31, 32 பாகை என்று ஒழுங்காகக் காட்டிய கருவி, நான்காம் நாள் திடீரென்று 85 என்றும், இடையிடையே -127 என்றும் காட்டுகிறது. ஏர்லாக்கில் (உள்ளே எழும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றைத் தடுக்கும் நீரடைப்பு) குமிழியும் நின்றுவிட்டது. நொதித்தலே நின்றுவிட்டதா, அல்லது கருவி கெட்டுவிட்டதா? ஏர்கான் பழுதுபார்ப்பவரிடம் செம்புக் குழாய்த் துண்டு ஒன்று கிடைக்கும். அதன் ஒரு முனையை அடைத்து, உணரியை அதற்குள் வைத்து இறக்கலாமா?

மறுமொழி (தெலுக் இந்தான்)

தம்பி, அந்த இரண்டு எண்களும் வெப்பநிலையே அல்ல. அந்த உணரிக்கு மின்சாரம் அறுந்து மீண்டும் வரும்போது அதன் நினைவில் முதலில் நிற்கும் எண் 85. புதிதாக அளந்து முடிக்க முக்கால் நொடி வரை ஆகும், அதற்குள் படித்தால் 85தான் வரும். உணரியிடமிருந்து பதிலே வராதபோது நிரல் காட்டும் அடையாளம் -127. ஆகவே இணைப்பு விட்டுவிட்டுத் தொடர்பு கொள்கிறது என்று பொருள். உணரியை மூடியிருக்கும் எஃகுக் குப்பிக்குள் கம்பி நுழையும் இடத்தைப் பாருங்கள். அங்கே இருப்பது பசையும் சுருங்கு குழாயும் மட்டுமே. நாள் கணக்கில் புளித்த திரவத்தில் மூழ்கிக் கிடக்க அது தாங்காது. கம்பியின் மேலுறை உணவுக்கு ஏற்றதா என்பதும் நமக்குத் தெரியாது.

குமிழியைப் பற்றி: மூடியை விரலால் மெல்ல அழுத்துங்கள். ஏர்லாக்கின் நீர்மட்டம் அசையவில்லை என்றால் காற்று வேறு வழியாகக் கசிகிறது. இவ்வகை வாளிகளின் பிளாஸ்டிக்கில் சிலிக்கோன் சரியாக ஒட்டுவதில்லை. நொதித்தல் நின்றதா என்பதைத் திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரால் மட்டுமே முடிவு செய்யுங்கள். நம் ஊர் வெப்பத்தில் நான்கு நாளில் பெரும்பகுதி முடிந்திருக்கவும் கூடும்.

மறுமொழி (சுங்கை சிப்புட்)

செம்புக் குழாய் வேண்டவே வேண்டாம், தம்பி. ஈயம் பூசாத செம்புப் பாத்திரத்தில் நம் பாட்டிமார் புளி கரைக்க மாட்டார்கள். களிம்பு ஏறும் என்பார்கள். அந்தக் களிம்பு நஞ்சு. வினிகரும் காற்றும் சேர்ந்தால் செம்பு கரைந்து அதே களிம்புதான் உருவாகும். பித்தளையும் அப்படியே. ஒரு முனை மூடி வெல்டிங் செய்யப்பட்ட, 304 அல்லது 316 வகைத் துருப்பிடிக்காத எஃகுக் குழாயை வாங்குங்கள்; தெர்மோவெல் என்று கேட்டால் கிடைக்கும். உணரியின் விட்டம் பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் என்பதால் குழாயின் உள்விட்டம் 7 இருந்தால் போதும். மூடித் துளையில் பசைக்குப் பதிலாக இறுக்கமான ரப்பர் வளையத்தைப் போடுங்கள். குழாயின் முனை திரவத்தின் நடுப்பகுதியில் நிற்க வேண்டும். அடியில் படியும் ஈஸ்ட் வண்டலுக்குள் புதையக் கூடாது. குழாய்க்குள் காற்று நின்றால் அளவு தாமதமாக வரும், ஆகவே சில சொட்டு சமையல் எண்ணெய் விட்டு உணரியை இறக்குங்கள்.

கேள்வி கேட்டவர்

மூடியில் இப்போது இருக்கும் துளை கோணலாக உள்ளது. துளையே இல்லாமல், வாளியின் வெளிச்சுவரில் உணரியை ஒட்டினால் போதாதா?

மறுமொழி (தெலுக் இந்தான்)

போதும், ஒரு நிபந்தனையோடு. உணரியைத் திரவமட்டத்துக்குக் கீழே, வாளியின் பாதி உயரத்தில் சுவரோடு அழுத்தி, அதன் மேல் தடித்த ஸ்பாஞ்சை வைத்து ஒட்டுநாடாவால் கட்டுங்கள். ஸ்பாஞ்ச் இல்லாவிட்டால் அது அறையின் வெப்பத்தையே பாதி அளக்கும். நொதிக்கும்போது எழும் குமிழிகள் திரவத்தைக் கலக்கிக்கொண்டே இருப்பதால் சுவரருகே உள்ள வெப்பத்துக்கும் நடுவிலுள்ள வெப்பத்துக்கும் பெரிய வேறுபாடு இருக்காது. எந்த வழியில் பொருத்தினாலும், முதலில் ஐஸ் கட்டிகளை நொறுக்கி நீரில் கலந்து அதில் உணரியை வைத்துப் பாருங்கள். 0 பாகைக்கு அரைப் பாகை கூடக் குறையக் காட்டினால் ஏற்கத்தக்கது.

கேள்வி கேட்டவர் (மூன்று வாரம் கழித்து)

பழைய உணரியைப் பிரித்துப் பார்த்தேன். குப்பிக்குள் ஈரம் இறங்கிக் கம்பியின் நுனி பச்சையாகியிருந்தது. புதிய மூடி வாங்கி எஃகுக் குழாயைப் பொருத்தினேன், ஒப்பிட்டுப் பார்க்க வெளிச்சுவரிலும் ஒன்றைக் கட்டினேன். இரண்டாம் நாள் நொதித்தல் உச்சத்தில் இருந்தபோது அறை 30, வெளிச்சுவர் 32.5, குழாய்க்குள் 33.1. உடனே வாளியை நீர் நிரம்பிய தொட்டியில் இறக்கி ஈரத்துணி சுற்றினேன். மறுநாள் காலையில் 29க்கு இறங்கியது. நகப்பூச்சு நெடி இல்லை. இப்போது தாய் வினிகர் (புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் உள்ள பழைய வினிகர்) சேர்த்து, மூடியை எடுத்துத் துணி கட்டும் கட்டத்துக்கு வந்திருக்கிறேன். எஃகுக் குழாயை அதிலும் இருக்க விடலாமா?

மறுமொழி (சுங்கை சிப்புட்)

வேண்டாம், எடுத்துவிடுங்கள். மேலே படரும் ஏட்டை அது கிழிக்கும். இனி வெளிச்சுவர் உணரி ஒன்றே போதும். 30 பாகையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.