ஐ.இ.எல்.டி.எஸ். ரைட்டிங்: டாஸ்க் 2-ஐ முதலில் எழுதலாமா?

கரிசல்காட்டான்:
ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் (மேற்படிப்புக்கான அகாடமிக் வகை) ரைட்டிங் பகுதிக்கு மொத்தம் 60 நிமிடம். சார்ட் போன்ற ஒரு படத்தை விவரிக்கும் டாஸ்க் 1-க்குக் குறைந்தது 150 வார்த்தை, டாஸ்க் 2 கட்டுரைக்கு 250. கட்டுரைக்குத்தான் இரண்டு மடங்கு மதிப்பு. எதை முதலில் எழுதுவது என்பது நம் இஷ்டம். அப்படியிருக்க எல்லோரும் ஏன் 1-இலிருந்தே தொடங்குகிறோம்? மூளை தெளிவாக இருக்கும்போதே கட்டுரையை முடித்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

வெண்பலகை:
வகுப்பு எடுக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், இது வம்பு. கட்டுரையில் உட்கார்ந்தவர்களுக்கு எழுந்துவர மனசு வராது. முடிவுரையை அடித்துத் திருத்திவிட்டு நிமிர்ந்தால் 50 நிமிடம் போயிருக்கும். மிச்சப் பத்தில் பார் சார்ட்டைப் புரிந்துகொண்டு 150 வார்த்தை எழுத முடியுமா? டாஸ்க் 1-இல் சொந்தக் கருத்தே வேண்டாம். எது ஏறியது, எது இறங்கியது, மொத்தத்தில் என்ன தெரிகிறது, அவ்வளவுதான். 20 நிமிடத்தில் முடித்துவிட்டால் கையும் ஓடத் தொடங்கிவிடும்.

கரிசல்காட்டான்:
நேரக் கட்டுப்பாடு இல்லாத ஆள் டாஸ்க் 1-இலும் அதைத்தானே செய்வார்? சார்ட்டில் இருக்கும் எண்களையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதி அரை மணியைத் தின்றுவிடுவார். அப்புறம் அடிவாங்குவது இரட்டை மதிப்புள்ள கட்டுரை.

ராக்கோழி:
இரண்டு பேரும் வரிசையைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். நேரம் போவது வேறு இடத்தில். 'நகர மையத்துக்குள் கார்களைத் தடைசெய்ய வேண்டும், எந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறீர்கள்?' என்று கேள்வி வந்தால், நம் ஆட்கள் உடனே முன்னுரையில் இறங்கிவிடுகிறார்கள். இரண்டாவது பத்தியில்தான் தன் பக்கம் எது என்றே யோசிப்பார்கள். அப்புறம் முன்னுரையை அடிப்பார்கள். முதல் ஐந்து நிமிடம் எழுதவே கூடாது. எந்தப் பக்கம், இரண்டு காரணம், ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம். கடைக்காரர்களுக்குச் சரக்கு எப்படி வரும் என்று ஒரு வரி குறித்துக்கொண்டால், எதிர்வாதமும் கையில் இருக்கும்.

வெண்பலகை:
அந்த ஐந்து நிமிடத்துக்கு என் ஓட்டும் உண்டு. ஆனால் தாளில் எழுதுகிறீர்களா, கம்ப்யூட்டரிலா என்று யாரும் கேட்கவில்லையே? கம்ப்யூட்டரில் வார்த்தை எண்ணிக்கையும் மிச்ச நேரமும் திரையிலேயே தெரியும். தாளில் அந்த வசதி ஏது? தன் கையெழுத்தில் ஒரு வரிக்கு எத்தனை வார்த்தை விழும் என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ளாவிட்டால், நடுவில் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

கரிசல்காட்டான்:
கம்ப்யூட்டர் என்றால் என் வழிக்கு இன்னும் வசதி. 40-ஆவது நிமிடத்தில் வாக்கியம் பாதியில் நின்றாலும் டாஸ்க் 1-க்குத் தாவலாம், அப்புறம் திரும்பிவந்து முடிக்கலாம்.

வெண்பலகை:
பாதி வாக்கியத்தை விட்டுவிட்டு வரும் ஒரு மாணவனை எனக்குக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம். அதுவரை என் வகுப்பில் 1, 2 என்ற வரிசைதான்.