ஊரடங்குக்குப் பின்னும் தீராத நித்திரையின்மை

கேள்வி (கிளிநொச்சி):
தொழில்முறைக் கழகமொன்றில் உதைபந்தாடிய என் தம்பி, 2020 மார்ச் ஊரடங்கில் வீடு திரும்பி, கிணற்றுக்கட்டில் பந்தை உதைத்தபடியே நாள்களைக் கழித்தான்; அன்று கெட்ட நித்திரை இன்னும் சீராகவில்லை. இது சோம்பலா?

பதில் (மாங்குளம், பயிற்றுநர்):
சோம்பல் அல்ல, சகோதரி. போட்டித் திகதியை நோக்கியே உணவையும் உறக்கத்தையும் ஒழுங்குபடுத்தியவருக்கு அந்தத் திகதியே இல்லாமற்போனால் எல்லாம் குழம்பும். டோக்கியோ ஒலிம்பிக் 2021 யூலைக்குத் தள்ளிப்போனபோது முன்னணி வீரர்களுக்கும் அதே தவிப்புத்தான். ஒப்பந்தமும் சம்பளமும் நிச்சயமற்றுப் போவதோ அதைவிடப் பெரிய சுமை.

பதில் (வவுனியா):
அதே டோக்கியோவில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸ் மனநலத்தைக் காரணங்காட்டி அணி இறுதிப்போட்டியிலிருந்து விலகினார். நம் ஊரிலென்றால் ‘பயந்திட்டான்’ என்றிருப்பார்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 தொலைபேசி இலக்கத்துக்குத் தம்பியையே பேசச் சொல்லுங்கள். அருகில் நின்று கேட்காதீர்கள்.