எழுத்துக்கூட்டிப் படிக்கும் பெரியவர்களுக்கு வாசிப்புச் சவால்: எப்படி நடத்துவது?

காவிரிக்கரை:
வணக்கம். திருவாரூர் பக்கம் ஊர்ப்புற நூலகம் ஒன்றின் வாசகர் வட்டம் சார்பில் கேட்கிறேன். பெரியவர்களுக்கு வாசிப்புச் சவால் நடத்த எண்ணம். 18 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பெரும்பாலும் சுயஉதவிக் குழுப் பெண்கள், நாலைந்து ஆண்கள். ஐந்தாவது, எட்டாவதோடு பள்ளியை விட்டவர்கள். சிலர் எழுத்தறிவுத் திட்ட வகுப்பில் படித்தவர்கள். பஸ் பலகையும் ரேஷன் கடை அறிவிப்பும் படித்துவிடுவார்கள். ஒரு பக்கம் முழுசாகப் படிக்கச் சொன்னால் "கண்ணாடி எடுத்துட்டு வரலையே" என்று நழுவுகிறார்கள். இரண்டு மாதத்தில் ஆளுக்கு ஐந்து புத்தகம், முடித்தவர்களுக்குச் சான்றிதழ், முதல் மூன்று பேருக்குப் பரிசு என்று யோசித்திருக்கிறோம். புரட்டாசியில் தொடங்கி நவம்பர் நூலக வார விழாவில் முடிக்கலாமா? எந்தப் புத்தகங்கள் கொடுக்கலாம்? எங்கே சறுக்கும்?

எழுத்தாணி:
முதலில் "முதல் மூன்று பேர்" என்பதை எடுத்துவிடுங்கள். போட்டி என்று காதில் விழுந்ததும் யார் தோற்பார்கள் என்று அவர்களுக்கே தெரியும். அவர்கள்தான் முதலில் வராமல் போவார்கள். சவால் என்பது அவரவர் அட்டையோடு மட்டும் இருக்கட்டும்.

அடுத்தது ஐந்து புத்தகம். இவர்களுக்கு 120 பக்கப் புத்தகம் ஒன்றே மலை. பிரிட்டனில் ரீடிங் ஏஜென்சி என்ற அமைப்பு 2008இல் சிக்ஸ் புக் சேலஞ்ச் என்று தொடங்கியது. பின்னால் அதற்கு ரீடிங் அஹெட் என்று பெயர் மாறியது. புத்தகம்தான் வேண்டும் என்ற கட்டாயத்தை விட்டு, ஆறு வாசிப்பு என்று வைத்தார்கள். செய்தித்தாள் கட்டுரை, கவிதை எல்லாமே ஒரு வாசிப்பு. இந்த ஒரு விதியை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். தினத்தந்தியில் ஒரு செய்தி, சமையல் குறிப்பு, மகளிர் குழுக் கடன் விதித் தாள், பாட்டு வரி, இரண்டு பக்கக் கதை, எதுவானாலும் தலைப்பிலிருந்து கடைசி வரி வரை படித்தால் ஒரு கட்டம் நிரம்பும்.

அட்டை: ஏ4 தடித்தாளை இரண்டாக மடித்தால் போதும். உள்ளே ஆறு கட்டம். ஒவ்வொன்றிலும் மூன்று வரி: என்ன படித்தேன், எந்தத் தேதி, பிடித்ததா. கடைசி வரியில் ஆம், இல்லை இரண்டையும் அச்சடித்து வட்டம் போட வையுங்கள். கருத்து எழுதச் சொன்னால் வாசிப்பை விட்டு எழுத்துப் பயத்தில் மாட்டிக்கொள்வார்கள். "பிடிக்கவில்லை" என்றாலும் கட்டம் செல்லும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். அட்டையில் அவரவர் கையெழுத்துதான் இருக்க வேண்டும். மைப்பெட்டி மேசையில் இருந்தால் பழக்கத்தில் கட்டைவிரல் அதில் போய்விடும். அதை உள்ளே வைத்துவிடுங்கள்.

ஆட்கள் கழன்றுகொள்வது பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில். அதனால் முதல் கட்டம் முதல் நாளிலேயே, நூலகத்திலேயே, இருபது நிமிடத்தில் நிரம்பட்டும். இரண்டாவதும் அரைப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. வெற்று அட்டையோடு வீட்டுக்குப் போகிறவரைத் திரும்ப வரவைப்பது கடினம்.

அச்சுமை:
எழுத்தாணி சொன்னதோடு சேர்த்து, என்ன தாள் கொடுக்கிறோம் என்பது பாதி வேலை.

நூலக அடுக்கில் கைக்குக் கிடைத்ததை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான புத்தகங்களில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவை பழைய வடிவத்தில் இருக்கும். சரளமாகப் படிக்கிறவர் கவனிக்காமலே தாண்டிப் போவார். எழுத்துக்கூட்டுகிறவர் அங்கே நின்று, தப்பு தன்னுடையது என்று நினைத்துக்கொள்வார். புத்தகத்தைத் திறந்து "லை" எப்படி இருக்கிறது என்று பாருங்கள், ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

இவர்கள் தடுக்குகிற இடங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். கெ, கே, கொ, கோ: கொம்பு முன்னால் வருகிறது, ஒலியோ பின்னால். கிரந்த எழுத்துகள். எல்லாவற்றுக்கும் மேலாகச் சேர்த்து எழுதிய நீளச் சொற்கள். "வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" என்ற சொல்லில் கடைசிக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துபோகும். "போயிட்டு வந்தாங்க" என்று பேசுகிறவருக்கு "போய்விட்டு வந்தார்கள்" என்பதே ஒரு மொழிபெயர்ப்பு வேலை. உரையாடல் பேச்சுநடையில் இருக்கும் கதைகள் எளிது என்று தோன்றும். ஆனால் கண்ணுக்குப் பழகாத எழுத்துக்கூட்டு, அதனால் முதல் இரண்டு கட்டத்துக்கு வேண்டாம்.

அளவு: வாக்கியத்துக்கு ஆறு முதல் எட்டுச் சொல், பக்கத்துக்கு 80 முதல் 100 சொல், எழுத்தின் அளவு 16 அல்லது 18 புள்ளி (பாயின்ட்), வரிகளுக்கிடையே ஒன்றரை இடைவெளி. பொருந்துகிறதா என்று பார்க்க 100 சொல் படிக்கக் கொடுங்கள். தடுக்கி நிற்கும் இடங்கள் ஐந்துக்குள் இருந்தால் சரி. பத்தைத் தாண்டினால் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வேறு கொடுங்கள். "இது சரியா அச்சாகல" என்று சொன்னால் போதும்.

குழந்தைப் புத்தகம் கொடுக்கத் தோன்றும். முயலும் ஆமையும் படம் போட்டதை நாற்பது வயதுக்காரர் கையில் கொடுப்பது அவமானம், அதுவும் பேரன் பக்கத்தில் இருந்தால். பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் என்ற சிறுவர் கதை இணையதளத்தில் தமிழ்க் கதைகள் படிக்கும் திறனுக்கேற்ப நான்கு நிலைகளாக இருக்கின்றன. மூன்றாம், நான்காம் நிலையில் மனிதர்கள், வேலை, ஊர் பற்றியவற்றைத் தேர்ந்தெடுத்து, படம் இல்லாமல் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து கொடுக்கலாம். பெரும்பாலானவை திறந்த உரிமத்தில் உள்ளவை; எழுதியவர், மொழிபெயர்த்தவர் பெயரைக் கடைசியில் போட்டுவிடுங்கள். ஆளுக்கு ஒன்று திணிக்காமல், பத்துப் பன்னிரண்டு தாளை மேசையில் பரப்பி அவர்களே எடுக்க விடுங்கள்.

மருதநிலம்:
திருவாரூரில் புரட்டாசி, ஐப்பசியா? சம்பா நடவு, களை, அடுத்து மழை, நடுவில் தீபாவளி. நூலகத்தில் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள். அறுவடை ஓய்ந்து மாசி பிறந்ததும் தொடங்குங்கள். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள் வரை பத்து வாரம் வரும். ஆறு வாசிப்புக்கு ஆறு வாரம், தவறவிட்டவர்களுக்கு மீதி நான்கு.

"கண்ணாடி எடுத்துட்டு வரல" என்பது சாக்காகவும் இருக்கலாம், நிஜமாகவும் இருக்கலாம். நாற்பதைத் தாண்டியவர் தாளைக் கை நீட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தால் அது வெள்ளெழுத்து. தொடங்குவதற்கு முன்னாலேயே அரசு மருத்துவமனைக் கண் பிரிவில் எல்லோரையும் காட்டிவிடுங்கள். மேசையில் +1.50, +2.00, +2.50 கண்ணாடி ஒவ்வொன்று இருக்கட்டும். சாக்கு தானாகக் கழன்றுவிடும், நிஜமாக வேண்டியவருக்கும் அன்றைக்கு உதவும்.

காவிரிக்கரை:
மிக்க நன்றி. மாசிக்கே தள்ளிவிடுகிறோம். ஒரு சந்தேகம். வாரக் கூட்டத்தில் ஒவ்வொருவரையும் ஒரு பத்தி சத்தமாக வாசிக்க வைக்கலாமா? இல்லாவிட்டால் படித்தார்களா என்று எப்படித் தெரியும்?

எழுத்தாணி:
வேண்டவே வேண்டாம். படித்தாரா என்று சோதிக்காதீர்கள், அட்டையில் எழுதியதை நம்புங்கள். நாலு பேர் முன்னால் ஒருமுறை திக்கினால் அடுத்த வாரம் நாற்காலி காலி.

மருதநிலம்:
கூட்டத்தில் வேண்டாம் என்பது சரி. ஆனால் வாய்விட்டுப் படிக்காமல் வேகம் வராது, அதை அடியோடு விட்டுவிடக் கூடாது. தனியாக, ஒருவருக்கு ஒருவர், பதினைந்து நிமிடம். உதவியாளரும் சேர்ந்தே படிக்க வேண்டும். படிக்கிறவருக்குச் சரளம் வந்ததும் உதவியாளர் தன் குரலைத் தணித்துக்கொள்ளட்டும். படிக்கிறவர் நின்றால், மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டு முழுச் சொல்லையும் சொல்லிவிட்டு நகரட்டும். "க, கொம்பு, என்ன வரும்?" என்று கேட்டால் அது வகுப்பறை ஆகிவிடும், வாக்கியத்தின் பொருளும் கைவிட்டுப் போகும். அதே பத்தியை வெவ்வேறு நாளில் மூன்று முறை படிக்கட்டும். மூன்றாம் முறை வேகம் கூடுவது அவர் காதுக்கே கேட்கும்.

18 பேருக்கு ஆறு உதவியாளர், ஆளுக்கு மூன்று பேர். அக்கா, அண்ணே என்று கூப்பிட்டுப் பழகியவர்களாகப் பாருங்கள். சொந்தப் பிள்ளைகள் வேண்டாம், அவர்களுக்குப் பொறுமை இருக்காது.

வர முடியாதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் முதல் இரண்டு பக்கத்தை நிதானமாகப் படித்து, அவரவர் எண்ணுக்குத் தனியாக அனுப்புங்கள். கேட்டுக்கொண்டே விரல் வைத்துப் படிப்பார்கள். குழுவில் போட்டால் யாருக்காக என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

அச்சுமை:
சான்றிதழுக்குப் பெயரை முன்கூட்டியே அவரவர் கையால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், முன்னெழுத்தோடு. நூலகர் பட்டியலிலிருந்து எடுத்து அச்சடித்தால் பிழை வரும். மேடையில் வாங்கி, தன் பெயரைத்தான் முதலில் படிப்பார்கள்.

காவிரிக்கரை:
அந்த 100 சொல் தாளை இந்த வாரமே தட்டச்சு செய்கிறோம். முதல் மாதிரியை இங்கே போடுகிறேன், எங்கே சொல் நீளம் என்று பார்த்துச் சொல்லுங்கள்.